“பாப்பம்” என்ற பதிலின் வரலாறு

தெரணியகலையில் தேர்தல் மேடை போட்டால், மலைச்சரிவின் லயங்களில் இருந்தும் ஆட்கள் வருவார்கள், கடைவீதியில் இருந்தும் வருவார்கள். தோட்டத்தார் காணியைப் பற்றிக் கேட்டாலும் எங்கட ஆட்கள் மையவாடியைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “பாப்பம், பேசித் தீர்ப்பம்.” இதை வெறும் வாய்ச் சாதுரியம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. நமது நாட்டில் இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த சட்டத்தின் பெயரே ‘இந்திய பாகிஸ்தானிய வதிவோர்’ சட்டம். அதாவது, இந்தியாவில் இருந்து வந்து இங்கே கடை வைத்திருந்த முஸ்லிம்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கணக்கிடப்பட்டோர் 975,000 பேர். அவர்களில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. மிச்சம் 150,000 பேர்? பிறகு பேசுவதாக விட்டார்கள். 1974 இல்தான் அவர்களை ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். பத்து வருடம் என்பது, லயத்தில் பிறந்த பிள்ளை கொழுந்துக்கூடை தூக்கும் வயதுக்கு வருகிற காலம். நாடற்றோர் பிரச்சினையை முடிக்க வந்த 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் அதே 1964 ஒக்டோபர் 30 ஐத்தான் வதிவுக்கான ஆரம்பத் திகதியாக வைத்தது. இடையில் போனது 39 வருடம்.

ஒத்திவைத்தல் ஒரு வகை என்றால், பொறுப்பை நிபுணர் தலையில் கட்டுவது இன்னொரு வகை. கொவிட் காலத்தில் நாம் கண்டது அதைத்தான். அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. ஆனால் ஏப்ரல் 11 வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. ஜனாஸாவை அடக்க விடுங்கள் என்று கேட்ட போதெல்லாம் ‘நிபுணர் குழு முடிவெடுக்கும்’ என்றார்கள். 2021 பெப்ரவரி 10 இல் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் அடக்கத்துக்கு அனுமதி என்றார். மறுநாளே ஓர் இராஜாங்க அமைச்சர் மீண்டும் குழுவைக் காட்டினார். பெப்ரவரி 25 இல் வர்த்தமானி திருத்தப்பட்டு, மார்ச் 5 இல் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமாகும் வரை எத்தனை வீடுகள் அழுதன!

இதில் உள்ள தர்க்கப் பிழையைப் பிரித்துப் பார்க்க வேணும். நிலத்தடி நீரால் தொற்றுமா என்பது நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு சமூகத்தின் இறுதிக் கடனை அரசு மதிக்குமா என்பது அமைச்சரவையிடம் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வியின் நிழலில் இரண்டாவதை ஒளித்து வைத்தார்கள்.

அவகாசம் கேட்பதெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. பேச்சுவார்த்தைக்குக் காலம் வேணும், ஆய்வுக்கும் வேணும். ஆனால் திகதி இல்லாத அவகாசம் மறுப்புக்குச் சமம். அதன் சுமையைத் தூக்குவது கேட்டவனேயன்றிச் சொன்னவன் அல்ல.

ஆகவே, அடுத்த தடவை மேடையில் “பாப்பம்” என்றால் நாம் கேட்க வேண்டியவை மூன்று: யார் முடிவெடுப்பது? எந்தத் திகதிக்குள்? அதுவரைக்கும் எங்கட நிலைமை என்ன? லயத்துக் காணிக்காக இதைக் கேட்கிறவரோடு கடைவீதிக்காரரும் சேர்ந்து கேட்க வேணும். இரண்டு பேருக்கும் கிடைத்து வந்தது ஒரே பதில்தானே.