சேவை வழங்குநர் (குடும்ப வன்முறைச் சட்டம்)

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ, மாநில அரசிடம் பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு. நாடாளுமன்றம் 2005இல் இயற்றி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 10ஆம் பிரிவு இதை வரையறுக்கிறது. பெண் விரும்பினால் குடும்ப நிகழ்வு அறிக்கையைப் பதிந்து நீதித்துறை நடுவருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்புதல், மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தல், தங்குமிடம் பெற்றுத்தருதல் ஆகியவை இதன் அதிகாரங்கள்.

பிரிவு 10 நிதி எதையும் ஒதுக்காததால் இந்த அங்கீகாரம் வெறும் அடையாளமே என்பது ஒரு வாதம். நிதிக்குறை உண்மையான குறைதான். ஆனால் முடிவு பொருந்தாது. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாக நவம்பர் 25ஐ 1999இல் அறிவித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் எந்த அமைப்புக்கும் அதிகாரம் தரவில்லை. இங்கோ, அமைப்பு அனுப்பும் அறிக்கையை நடுவர் கருத்தில் கொண்டாக வேண்டும் (பிரிவு 12); நல்லெண்ணத்துடன் செயல்பட்டவர்மீது வழக்குத் தொடரவும் முடியாது. மிரட்டலுக்கு உள்ளாகும் களப்பணியாளருக்கு இது பெரும் காப்பு.

பதிவு பெறாத குழுக்கள் ஒதுக்கப்படுகின்றன என்ற மறுப்புக்குப் பிரிவு 4 ஓரளவு விடையளிக்கிறது: வன்முறை பற்றி எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலின் மகளிர் குழுவுக்கும் இது பொருந்தும். ஆயினும் அறிக்கை பதியும் அதிகாரம் அதற்கு இல்லை. மாவட்டத் தலைநகரான தூத்துக்குடியிலிருந்து விலகிய இத்தகைய கடற்கரை ஊர்களுக்கு அருகிலேயே பதிவு பெற்ற அமைப்பு தேவைப்படுவது இதனால்தான்.