வலைக்கு முன்னால் ஒரு வட்டம்

கெலுகோரில் நான் வளர்ந்த அடுக்குமாடிக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில், சாயங்காலமானால் ஒரு வட்டம் கூடும். மலாய்ப் பையன்கள், நாங்கள், சில நாள் ஒரு சீனப் பையன். பிளாஸ்டிக் தக்ராவ் பந்து ஒன்று. கையால் தொடக்கூடாது, தரையில் விழவிடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். "டேய், நாப்பத்தி மூணுடா, விட்டுடாதே!" விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

அதில் யாரும் ஜெயித்ததில்லை. வட்டத்திலேயே சின்னவன் நான். பெரியவர்கள் எனக்கு மட்டும் பந்தை மெதுவாக, முழங்கால் உயரத்துக்குத் தட்டிவிடுவார்கள். பாசம் ஒன்றுமில்லை. நான் விட்டால் அவர்களுடைய எண்ணிக்கையும் போய்விடும்!

இந்த வட்டத்துக்குப் பழைய பெயர் செப்பாக் ராகா. செப்பாக் என்றால் உதை, ராகா என்பது பிரம்பில் பின்னிய பந்து. மலாக்கா சுல்தான்களின் கதையைச் சொல்லும் 'செஜாரா மெலாயு'விலேயே இந்த ஆட்டம் வருகிறது. பெண்டஹாரா துன் பேராக்கின் மகன் துன் பெசார் உதைத்த பந்து, சுல்தான் மன்சூர் ஷாவின் மகன் ராஜா முகமதுவின் தலைப்பாகையைத் தட்டிவிடுகிறது. இளவரசர் அங்கேயே அவனைக் குத்திக் கொன்றுவிடுகிறார். துன் பேராக் பழிவாங்கத் துடித்த தன் ஆட்களை அடக்குகிறார். ஆனால், இவர் எங்களுக்கு சுல்தானாக வரக்கூடாது என்று சொல்லிவிடுகிறார். ராஜா முகமதுவைப் பகாங்குக்கு அனுப்பி அங்கே ஆட்சியில் அமர்த்துகிறார்கள். ஒற்றுமையை வளர்க்கும் ஆட்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இந்தக் கதைதான் ஞாபகத்துக்கு வரும்.

வட்டத்தின் நடுவே வலை வந்த கதையில் பினாங்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1935இல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவின்போது, நெகிரி செம்பிலானில் பூப்பந்துக் களத்தில் இதை ஆடிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு 1945இன் தொடக்கத்தில், பினாங்கில் ஹமீத் மைதீன் என்பவர் வலைக்கு இருபுறமும் அணி பிரித்து ஆடும் 'செப்பாக் ராகா ஜாரிங்'கை அறிமுகம் செய்தார். அந்த ஆண்டு மே 16 அன்று பினாங்கு நீச்சல் கிளப்பில் முதல் பொது ஆட்டம் நடந்தது. மைதீன் என்ற பெயர் நம் பினாங்கு முஸ்லிம் குடும்பங்களில் சகஜம். அதை வைத்து அவரைத் தமிழர் என்று நான் உரிமை கொண்டாட வரவில்லை.

என்னை யோசிக்க வைப்பது தேதிதான். அது ஜப்பானியர் காலம், மரவள்ளிக்கிழங்கைத் தின்று ஊர் உயிர் பிழைத்த காலம். தீவின்மேல் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. ஆங்கிலேயர் திரும்பி வர இன்னும் நான்கு மாதம்கூட இல்லை. போருக்கு முன் வெள்ளையருக்காக இருந்த ஒரு கிளப்பில், உள்ளூர்க்காரர்கள் பிரம்புப் பந்தை உதைத்து விளையாடியிருக்கிறார்கள்.

வலை வந்ததும் ஆட்டத்தின் உள்மனசு மாறியது. பந்து விழாமல் காப்பதே நோக்கமாக இருந்த இடத்தில், அடுத்தவன் பக்கம் விழவைப்பது நோக்கமாயிற்று. 1960இல் கோலாலம்பூரில் பல நாட்டுக்காரர்கள் கூடி, மலாயிலிருந்து 'செப்பாக்', தாய் மொழியிலிருந்து 'தக்ராவ்' என்று ஆளுக்குப் பாதியாகப் பெயர் வைத்தார்கள். 1965இல் தென்கிழக்காசியப் போட்டியில் சேர்ந்தது, 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுக்குப் போனது.

சட்டத்தைப் படித்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அணிக்கு மூன்று பேர்: பின்னால் தெக்கோங், முன்னால் இரண்டு அப்பிட். பந்தை மூன்று முறை தொடலாம். கைப்பந்தில் ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொட முடியாது, இங்கே மூன்றையும் ஒரே ஆளே தொடலாம். திறமைசாலி நினைத்தால் கூட்டாளிகளை மறந்தே ஆடிவிடலாம். ஆனால் ஆட்டத்தைத் தொடங்க மட்டும் அவனால் தனியாக முடியாது. அப்பிட் கையால் போட்டுத்தர, தெக்கோங் உதைக்க வேண்டும். பழைய வட்டத்தில் மிஞ்சியது அந்த ஒரு வீச்சுதான் என்று எனக்குத் தோன்றும்.

நம் கட்டுரைகளில் குழு விளையாட்டு என்றால் சடுகுடுவைத் தாண்டி வருவதில்லை. நான் சடுகுடு ஆடியதெல்லாம் பள்ளி முகாமில் இரண்டு நாள். தக்ராவ் ஆடியது எட்டு வருஷம், தினமும்.

இப்போது வேலையிடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை 'டீம் பில்டிங்' நடத்துகிறார்கள். நாலு குழுவாகப் பிரித்து, ஜெயித்த குழுவுக்குப் பரிசுக்கூடை தருவார்கள். போன தடவை இடைவேளையில் யாரோ ஒரு தக்ராவ் பந்தை எடுத்து வந்தார். குழு கலைந்து ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்றோம். பதினேழு வரைக்கும்தான் போனது. பதினெட்டாவதை விட்டது நான்.