கப்பலுக்குப் பால்கனி வந்த கதை

டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்புச் சீட்டு ஏழெட்டுப் பவுண்டுக்குக் கிடைத்தது. அதே கப்பலில் 512 பவுண்டு 6 ஷில்லிங் கட்டி ஏறினார் சார்லட் கார்டெசா என்ற அமெரிக்கச் சீமாட்டி. அந்தக் காசுக்கு அவருக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானது, அறைகளை ஒட்டி 50 அடி நீளத்துக்கு ஒரு சொந்த நடைதளம். 'பி' தளத்தில் இப்படி இரண்டே இரண்டுதான். மற்றொன்றில் கப்பல் நிறுவனத்தின் தலைவர் ப்ரூஸ் இஸ்மே இருந்தார். பழைய ஆங்கிலேய வீடுகளின் பாணியில் மரச்சட்டம் பதித்த சுவர், பிரம்பு நாற்காலிகள், கடலைப் பார்த்த ஜன்னல்கள். அதைத் திறந்த பால்கனி என்று சொல்ல முடியாது. ஏப்ரல் மாத வட அட்லாண்டிக் குளிரில் யார் வெளியே உட்காரப்போகிறார்கள்?

ஐரோப்பியக் கப்பல் சுற்றுலாவுக்கு இன்று முன்பதிவு செய்பவர்கள் கட்டாயம் யோசிக்கிற விஷயம், பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பது. நடுத்தர வர்க்கத்துக்கு இந்த யோசனையே நாற்பது ஆண்டுகளுக்குள்தான் வந்தது. அதற்கு முன் அது கோடீஸ்வரர்களின் சமாசாரம்.

காரணம் பணம் மட்டுமல்ல, கப்பலின் கட்டுமானமும்தான். பழைய பயணிகள் கப்பல்களில் உயிர்காப்புப் படகுகள் உச்சித் தளத்தில் தொங்கின. பெரும்பாலான அறைகள் கீழே, கப்பலின் உடலுக்குள் இருந்தன. அலையின் அடியைத் தாங்குவது அந்த எஃகு உடல்தான். அதில் வட்ட ஜன்னல் வைக்கலாம், கதவு வைக்க முடியாது. காற்று வாங்க நினைத்தவர்கள் பொது நடைதளத்தில் சாய்வு நாற்காலியை வாடகைக்கு எடுத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வெயிலின் அருமை தெரிந்த இத்தாலியர்கள்தான் முதலில் துணிந்தார்கள். ட்ரியஸ்தே நகரத்தின் கொசுலிச் நிறுவனத்துக்காக, பக்கத்து ஊரான மொன்ஃபால்கோனேயின் கப்பல் கட்டும் தளத்தில் இரண்டு கப்பல்கள் உருவாயின: 1927இல் ஓடத் தொடங்கிய சட்டூர்னியா, அடுத்த ஆண்டு வந்த வுல்கானியா. சட்டூர்னியாவின் முதல் பயணம் தென் அமெரிக்காவுக்கு. அந்த வெப்பக் கடல் பாதைக்குத் தோதாக முதல் வகுப்பில் சொந்த வராந்தா வைத்த அறைகள் வரிசையாக இருந்தன. ஆனாலும் மற்றவர்கள் பின்தொடரவில்லை. 1935இல் பிரான்ஸ் பெருமையோடு இறக்கிய நார்மண்டியில்கூட, சொந்த மொட்டைமாடி வைத்த மிக உயர்ந்த குடியிருப்புகள் டோவில், ட்ரூவில் என்ற இரண்டுதான்.

திருப்பம் 1984இல் வந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் வார்ட்சிலா நிறுவனம் கட்டிய ராயல் பிரின்சஸுக்கு, அந்த நவம்பரில் சவுதாம்ப்டன் துறைமுகத்தில் இளவரசி டயானா பெயர் சூட்டினார். கப்பலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது போன்ற வடிவமைப்பு அது. உணவுக்கூடம், அரங்கம் எல்லாம் கீழே போயின. பயணிகள் அறைகள் மேலே வந்தன. அத்தனை அறைகளுக்கும் கடல் தெரிந்தது, பலவற்றுக்குப் பால்கனியும் கிடைத்தது. படகுகளுக்கு மேலே அறைகளை அடுக்கினால் பால்கனியை எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று தொழிலுக்குப் புரிந்துவிட்டது. அதை மலிவுச் சரக்காக்கியது 1995இல் வந்த சன் பிரின்சஸ். 77,000 டன் கப்பல், 400க்கும் மேற்பட்ட பால்கனிகள். கட்டிய இடம் அதே மொன்ஃபால்கோனே.

2022இல் சென்னையிலிருந்து சொகுசுப் பயணம் கிளம்பிய எம்ப்ரஸ் கப்பலில் ஏறியவர்கள், பால்கனி அறைகள் இவ்வளவு குறைவா என்று வியந்திருக்கலாம். அது 1990இல் பிரான்சில் கட்டிய கப்பல். சன் பிரின்சஸுக்கு ஐந்து வயது மூத்தது.

பால்கனி பெருகியபோது ஆபத்தும் கூடவே ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. 2006 மார்ச் 23 அன்று விடியற்காலை மூன்று மணி வாக்கில், ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. யாரோ அணைக்காமல் எறிந்த சிகரெட்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று விசாரணை முடிவு செய்தது. அறைக்குள்ளே தீயணைப்புத் தெளிப்பான், புகை உணரி எல்லாம் உண்டு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒன்றுமில்லை. பால்கனிகளைப் பிரித்த பிளாஸ்டிக் தடுப்புகளும் நாற்காலிகளும் உருகி எரிய, தீ தளம் தளமாக ஏறியது. ஒரு பயணி இறந்தார். 2008 ஜூலை முதல் பால்கனிப் பொருட்களுக்கும் சர்வதேச விதி வந்தது. இன்று உள்ள தீ எச்சரிக்கைக் கருவிகளும், புகைப்பதற்குப் பல நிறுவனங்கள் போட்ட தடையும் அந்த ஓர் இரவின் பலன்.

பிறகு நடந்தவற்றில் வேடிக்கையும் உண்டு. 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸ், கடலைப் பார்க்காமல் கப்பலின் நடுவிலுள்ள பூங்காவைப் பார்க்கும் பால்கனிகளை விற்றது. அடுத்த சில ஆண்டுகளில், ஜன்னலே இல்லாத உள்ளறைச் சுவரில் பெரிய திரை மாட்டி, வெளியே தெரியும் கடலை நேரலையில் காட்டி, அதையும் பால்கனி என்றார்கள்!

ஐரோப்பிய ஆறுகளில் கணக்கு வேறு. மைன் ஆற்றையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாய் 1992இல் திறந்தது. அதன் மதகுகள் 12 மீட்டர் அகலம்தான் என்பதால் படகுகள் அதைவிடக் குறுகலாகவே இருக்கவேண்டும். பால்கனிக்கு விடும் ஒவ்வோர் அடியும் படுக்கையறையில் குறையும். அதனால் வந்தது பிரெஞ்சு பால்கனி: முழு உயரக் கண்ணாடிக் கதவு, அதை ஒட்டிக் கைப்பிடிக் கம்பி, நாற்காலி போட இடமில்லை. கரை கைக்கெட்டும் தூரத்தில் நகர்வதால் அதுவே போதும்.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், பகலில் கரையை ஒட்டிப் போகும் கப்பலில்தான் பால்கனி காசுக்குத் தகும். நார்வேயின் கெய்ராங்கர் ஃபியோர்டு அப்படிப்பட்டது. உள்ளே போகும்போது ஒரு பக்கத்து மலையும் அருவியும், திரும்பும்போது மறு பக்கமும் உங்கள் கதவுக்கே வரும். கோடையில் நள்ளிரவை நெருங்கியும் வெளிச்சம் இருக்கும். அங்கே தயங்காமல் கொடுக்கலாம். பார்சிலோனா, மார்சேய், நேப்பிள்ஸ் என்று சுற்றும் மத்தியதரைக் கப்பலோ பெரும்பாலும் இரவில் ஓடி, காலையில் துறைமுகத்தில் நிற்கும். ரோமுக்கான துறைமுகம் சிவிதாவெக்கியா. நகரம் 70 கிலோமீட்டருக்கு அப்பால். விடிந்ததும் கிளம்பி மாலையில் களைத்துத் திரும்புகிறவர் பால்கனியில் எத்தனை நேரம் உட்காருவார்? உள்ளறை எடுத்து, மிச்சப் பணத்தில் ஊரில் நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

வெனிஸுக்குள் நுழையும் காட்சிக்காகவே பால்கனி எடுத்த காலம் ஒன்று இருந்தது. புனித மார்க் சதுக்கம் கீழே பொம்மை போலத் தெரிய, கப்பல் ஊருக்கு நடுவே ஊர்ந்து போகும். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அந்த வழி மூடியாயிற்று. விளம்பரத்தில் வெனிஸ் என்று போட்டிருந்தாலும் பெரிய கப்பல்கள் மர்கேரா, ட்ரியஸ்தே, ராவென்னா, சில சமயம் மொன்ஃபால்கோனேயில்கூட நிற்கின்றன. ஆகவே பால்கனிக்குப் பணம் கட்டுமுன், பயணத் திட்டத்தில் வெனிஸுக்கு எதிரே எந்தத் துறைமுகத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.