சென்ட்ரியோல் முதிர்ச்சியும் குறு இழை உருவாக்கமும்

சென்ட்ரியோல் என்பது பெரும்பாலான விலங்குச் செல்களில் காணப்படும் உருளை வடிவ நுண்ணுறுப்பு. நீளம் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர். அதன் சுவர், மும்மூன்றாக இணைந்த ஒன்பது நுண்குழல் தொகுதிகளால் ஆனது. செல் பிரியும்போது கதிர்க்கோலின் முனைகளில் நிற்கும் இதே உறுப்பு, பிரிதல் ஓய்ந்த செல்லில் மேற்பரப்புச் சவ்வை அடைந்து, செல்லிலிருந்து மயிர்போல நீளும் குறு இழைக்கு அடித்தளமாகிறது.

சென்ட்ரியோல்களை மையத்தில் கொண்ட சென்ட்ரோசோமுக்கு 1888இல் தியோடர் பொவேரி பெயரிட்டார். குறு இழையின் அடித்தளமும் சென்ட்ரியோலும் ஒன்றே என்ற கருத்தை 1898இல் ஹென்னகியும் லென்ஹோசெக்கும் தனித்தனியே முன்வைத்தனர். அதே ஆண்டில் சிம்மர்மன், பாலூட்டிகளின் பல திசுக்களில் செல்லுக்கு ஒன்றாக நிற்கும் அசையாத குறு இழையை விவரித்தார். அதற்குப் பயனே இல்லை என்று பலரும் நெடுங்காலம் எண்ணியது இத்துறைக்கு நேர்ந்த பேரிழப்பு. 1960களில் செர்கெய் சொரோகின் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே அதன் வளர்ச்சிப் படிகளைக் காட்டினார். ஆனால் அப்படிகளை இயக்கும் புரதங்கள் இந்த நூற்றாண்டில்தான் பெரும்பாலும் தெரியவந்தன.

புதிய சென்ட்ரியோல் எப்போது பிறக்க வேண்டும் என்பதைப் பிஎல்கே4 என்ற கைனேஸ் நொதி தீர்மானிக்கிறது. இது 2005இல் உறுதியானது. ஒன்பது மடிச் சமச்சீருக்கு அச்சாக அமைவது சாஸ்-6 புரதம் என்பதை 2011இல் வெளியான படிக அமைப்பு ஆய்வுகள் விளக்கின.

பிறந்த சேய் சென்ட்ரியோலால் உடனே குறு இழையை உருவாக்க இயலாது. அது முழுத் தாயாக முதிர ஏறக்குறைய ஒன்றரைச் செல் சுழற்சி ஆகும். முதிர்ச்சியின் அடையாளம், அதன் மேல்முனையைச் சுற்றி அமையும் ஒன்பது ஒட்டுறுப்புகள். இவற்றில் செப்83 முதலில் வந்து சேர, அதைச் சார்ந்தே செப்164 உள்ளிட்ட பிற புரதங்கள் இடம்பெறுகின்றன. சென்ட்ரியோல் சவ்வைப் பற்றிக்கொள்வது இந்த ஒட்டுறுப்புகளால்தான்.

சவ்வை அடைந்தாலும் ஒரு தடை எஞ்சியிருக்கிறது. சிபி110, செப்97 என்ற இரு புரதங்கள் சென்ட்ரியோலின் முனையை மூடி போல அடைத்து, நுண்குழல்கள் நீளாமல் தடுக்கின்றன. வளர்ப்புச் செல்களில் இவற்றைக் குறைத்தபோது, பிரிந்துகொண்டிருக்கும் செல்களிலும் குறு இழை தோன்றியதை 2007இல் பிரையன் டின்லாக்டின் ஆய்வுக்குழு கண்டது. அந்த மூடியை அகற்றுவதற்கு டிடிபிகே2 என்ற கைனேஸ் தேவை என்பதை 2012இல் நியூயார்க்கில் கேத்ரின் ஆண்டர்சனின் ஆய்வகம் எலிகளில் நிறுவியது. அந்த நொதி இல்லாத செல்களில் சென்ட்ரியோல் சவ்வு வரை சென்றும் சிபி110 விலகவில்லை; குறு இழை முளைக்கவுமில்லை. டிடிபிகே2ஐ அவ்விடத்துக்கு அழைத்து வருவது செப்164.

இதைக் கொண்டு சிபி110ஐ வெறும் தடை என்று கொள்வது பிழை. 2016இல் வெளியான ஆய்வில், அப்புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளில் குறு இழைகள் பெருகவில்லை, குறைந்தன. தாய் சென்ட்ரியோலின் முதிர்ச்சியே குன்றியிருந்தது. ஒரே புரதம் முதலில் முதிர்ச்சிக்குத் துணைநின்று, பின்னர் விலகி வழிவிட வேண்டியிருக்கிறது.

மூடி அகன்றபின், நுண்குழல்களின் வழியே சரக்கேற்றிச் செல்லும் ஐஎஃப்டி புரதத் தொகுதிகள் இழையை நீட்டுகின்றன. இந்தப் போக்குவரத்தை ஜோயல் ரோசன்பாமின் குழு 1993இல் கிளாமிடோமோனாஸ் பாசியில் முதலில் கண்டது. செல் மீண்டும் பிரிய முனையும்போது, அரோரா ஏ கைனேஸ் இழையைக் கலைத்து, சென்ட்ரியோலைக் கதிர்க்கோல் பணிக்கு விடுவிக்கிறது.

இப்புரதங்களின் மரபணுப் பிறழ்வுகள் மனிதரில் நோய்களாக வெளிப்படுகின்றன. செப்164 பிறழ்வு, சிறுநீரகத்தைச் சிதைக்கும் நெஃப்ரோனோப்தைசிஸ் நோயையும் பார்வைக் குறைபாட்டையும் தருகிறது. டிடிபிகே2 பிறழ்வால் சிறுமூளை தேய்ந்து, நடையும் பேச்சும் தடுமாறுகின்றன.