கிள்ளான் காய்ச்சலும் ஒரு வளைகோடும்

1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் பெயர் மாறி இன்று போர்ட் கிள்ளான் ஆகியிருக்கும் அதே இடம்தான். திறந்த இரண்டே மாதத்தில், மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. காரணம் மலேரியா. அந்த ஆண்டுதான் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடிக்கவும் புதர்க்காட்டை வெட்டவும் சொன்னார். வேலை நடந்தது.

பலன் என்ன? மலேரியாவோடு கிள்ளான் நகரிலிருந்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் 1901இல் 334 பேர். அடுத்தடுத்த ஆண்டுகளில் 129, 48, 28, 12.

இன்றைக்கு இதைப் பைத்தானின் நம்பை நூலகத்தில் போட்டுப் பார்க்கலாம். 12ஐ 334ஆல் வகுத்து, மடக்கை எடுத்து, நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்தால் கழித்தல் 0.8316. இதை 0 முதல் 4 வரையான ஆண்டுகளால் பெருக்கி 'எக்ஸ்ப்' சார்புக்குக் கொடுத்து, விடைகளை 334ஆல் பெருக்கினால் 334, 145, 63, 28, 12 என்று வரும். கிட்டத்தட்ட வாட்சனின் எண்களேதான். அவர் காலத்தில் இதற்கு லாக் டேபிளைப் புரட்ட வேண்டும். இப்போது ஒரே வரி. கணினியும் மாயம் எதுவும் செய்வதில்லை. அடுக்கை 2இன் மடக்கைகளாகக் கழித்துச் சிறிதாக்கி, மிச்சத்தை ஒரு பல்லுறுப்புக்கோவையில் இட்டு, கடைசியில் 2இன் அடுக்கால் பெருக்கிச் சரிசெய்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் வாட்சனின் அட்டவணையில் இன்னொரு வரி உண்டு. மாவட்டத்தின் மற்றப் பகுதிகள்: 197, 204, 150, 266, 353. இதற்கும் அதே கணக்கைப் போட்டால் அடுக்கு கூட்டல் 0.1458 ஆகிறது, இடையில் 228, 264, 305 வந்திருக்க வேண்டும் என்கிறது நம்பை. பொருந்தவில்லை, இல்லையா? முதலையும் கடைசியையும் கொடுத்தால் எந்த எண்களுக்கும் அது ஒரு வளைகோடு வரைந்து தந்துவிடும். நடுவில் யார் வந்தார்கள், எந்தக் காடு திறக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது.

அந்த மற்றப் பகுதிகளில்தான் இரப்பர்த் தோட்டங்கள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அங்கேதான் போனார்கள். ஆள் பெருகியதாலும் இந்த எண் ஏறியிருக்கும்; நோய் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வடிகால் முதலில் வெட்டப்பட்டது நகருக்கும் துறைமுகத்துக்கும்தான். தோட்டங்களின் மலேரியா பக்கம் வாட்சன் முழுமூச்சாகத் திரும்பியது பின்னால்.

துறைமுகத்தில் 188 ஆக இருந்தது 1905இல் 11 ஆனது. மூன்று வரிகளையும் கூட்டினால் 719, 376 ஆகக் குறைந்திருக்கிறது, ஏறக்குறைய பாதி. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் வெற்றி என்றுதான் எழுதுவார். அந்த 376 பேரில் 353 பேர் நகருக்கும் துறைமுகத்துக்கும் வெளியே இருந்தவர்கள்.