வெந்நீர்த் தொட்டி: மிகைச் சூட்டைத் தடுத்தல்

வீட்டு கீசரிலோ சூரிய வெந்நீர்க் கலனிலோ நீரின் சூடு பாதுகாப்பு வரம்பைத் தாண்டாமல் காக்கும் ஏற்பாடுகள். 25 பாகையிலிருந்து 75 பாகை செல்சியசுக்குச் சூடேறும் 100 லிட்டர் நீர் 2 லிட்டருக்குச் சற்று மேல் விரிகிறது. அதற்குப் போக்கிடம் இல்லையென்றால் அழுத்தம் கலனையே பிளக்கும்.

மின் கீசரில் முதல் காவல் தெர்மோஸ்டாட். அது பழுதானால் வெப்பத் துண்டிப்பான் மின்சாரத்தை நிறுத்தும். அதுவும் தவறினால் அழுத்த விடுவிப்பு வால்வு நீரை வெளியேற்றும். வால்வு சொட்டுகிறது என்று அதன் வாயை அடைப்பது மிக ஆபத்தான பழக்கம். இந்தியாவில் சேமிப்பு வகை மின் கீசர்களுக்கான தரம் ஐ.எஸ். 2082.

பனமலை, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் கோடையில் கூடுதல் கவனம் வேண்டியது மாடியிலிருக்கும் சூரியக் கலன். கீசரைப் போல வெயிலை அணைக்க முடியாது. வெந்நீர் தேவைப்படாத சித்திரை, வைகாசியில்தான் அது அதிகம் கொதிக்கிறது. அழுத்தமில்லாக் கலன்களில் மேலெழும் காற்றுக் குழாய் நீராவியை வெளியேற்றும். தூசியோ குளவிக்கூடோ அதை அடைக்காமல் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகும்போது சூரியக் கலனின் கண்ணாடிக் குழாய்களைத் தார்ப்பாயால் மூடலாம். வறண்டு காய்ந்த குழாயில் நண்பகலில் தண்ணீர் விட்டால் வெடிக்கும், விடியற்காலையே ஏற்றது.

ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீராக இருந்தால் வெப்பக் கம்பியில் சுண்ணாம்புப் படலம் படியும். கம்பியின் சூடு நீருக்குப் போகாமல் அதிலேயே தங்கி, கம்பி கருகும்.

60 பாகை நீர் சில நொடிகளில் தோலை வேகவைக்கும். குழந்தைகள், முதியவர்கள் உள்ள வீட்டில் குழாய்க்கு முன்னால் கலப்பு வால்வு அவசியம்.