பாலினம்

‘பால்’ என்றதும் உடற்கூறுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் வேர் ‘பகு’ என்பது அறிஞர் கருத்து. பகுத்து ஒதுக்கிய பங்கே பால். அறத்துப்பால், பொருட்பால் என்னும்போது உடலுக்கு அங்கே வேலையில்லை. ஐம்பாலில்கூட ஆண், பெண் இரண்டுதான்; பலர்பால் முதலிய மூன்றும் எண்ணிக்கையைச் சேர்ந்தவை. ஆகவே ‘பாலினம்’ என்ற பிற்காலச் சொல்லை, சமூகம் யாருக்கு எந்தப் பங்கை ஒதுக்குகிறது என்ற பொருளில் ஆள்வதற்கு வேரிலேயே இடமிருக்கிறது.

அந்தப் பங்கு இயற்கை தந்ததாயிற்றே, மாறுமா என்று கேட்பார்கள். மாறும் என்பதற்கு வங்கதேசம் ஒரு சான்று. அங்கே 1994 முதல், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, நார்வே ஆகியவற்றின் துணையோடு, கிராமப்புறத்தில் ஆறு முதல் பத்தாம் வகுப்புவரை படிக்கும் பெண்களுக்கு அரசு உதவித்தொகை தந்தது. 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், இடைநிலைத் தேர்வுவரை திருமணம் செய்துகொள்ளாமை ஆகியவை நிபந்தனைகள். பணம் தகப்பன் கைக்குப் போகாமல் மாணவியின் பெயரிலிருந்த வங்கிக் கணக்கில் விழுந்தது. எனக்கு இதுவே திட்டத்தின் உயிர்நாடியாகப் படுகிறது. சில ஆண்டுகளில் இடைநிலைப் பள்ளிச் சேர்க்கையில் பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்தார்கள். இது முழுக்க உதவித்தொகையால் வந்ததில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆடைத் தொழிற்சாலை வேலைகளும் பெற்றோர் மனத்தை மாற்றின. ஆனால் பிறவியோடு வந்த பங்காக இருந்திருந்தால், உதவித்தொகைக்கும் வேலைக்கும் அது அசைந்தே கொடுத்திருக்காது.